கூண்டோரம்: தினையில் விழுந்த அந்து

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: பறவைத் தீனியில் பூச்சி. அதிலும் பெரும்பாலானவை மலையிலிருந்து. குளிர் ஊரில் பூச்சி வராது என்று நாமெல்லாம் நம்பிக்கொண்டிருக்கிறோம் போலிருக்கிறது. அதனால் நாய், முயல், மீன் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இந்த முறை அந்துப்பூச்சி மட்டும். கோபிக்க வேண்டாம்.

குன்னூர் வாசகி: அக்கா, எங்கள் வீட்டில் நாலு லவ் பேர்ட்ஸ் இருக்கின்றன. விலை மலிவு என்று மேட்டுப்பாளையத்திலிருந்து தினையை மூட்டையாக வாங்கி வந்தார் வீட்டுக்காரர். இரண்டு மாதமாகச் சாயந்திரம் ஆனால் டியூப்லைட்டைச் சுற்றிச் சின்னச் சின்னப் பூச்சி பறக்கிறது. டப்பாவைத் திறந்தால் தினை கட்டிகட்டியாக நூல் பிடித்துக் கிடக்கிறது. மருந்து அடித்தால் பறவை செத்துவிடுமோ என்று பயம். அம்மா போனில் "வெயிலில் காயப்போடு" என்கிறார். இங்கே வெயிலுக்கு எங்கே போவது?

வெயிலுக்கு எங்கே போவது என்று கேட்டீர்கள் பாருங்கள், மலையில் இருக்கிறவர்களுக்கு விஷயமே அங்கேதான் மாறுகிறது. உங்கள் அம்மா சொல்வது அவர் ஊருக்குச் சரி. மதுரையில் மே மாதம் மொட்டை மாடியில் கறுப்புத் தார்ப்பாயை விரித்துத் தானியத்தை மெல்லிசாகப் பரப்பினால் அது 50 டிகிரியைத் தாண்டிச் சுடும், புழுவும் முட்டையும் வெந்துபோகும். குன்னூரில் அதே வேலையைச் செய்தால் பதினோரு மணிக்கு வெயில் மாதிரி ஏதோ வரும், இரண்டு மணிக்கு மஞ்சு இறங்கிவிடும், தானியம் காய்வதற்குப் பதிலாக ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு உள்ளே வரும். பூச்சி சாகாது, கூடவே பூஞ்சணமும் சேரும். பறவைக்குப் பூச்சியை விடப் பூஞ்சணம்தான் பெரிய எமன். ஆகவே வெயிலை மறந்துவிடுங்கள். நமக்கு இருக்கிற ஆயுதம் ஃப்ரீசர்.

முதலில் எது வந்திருக்கிறது என்று பாருங்கள். சுவரில் உட்கார்ந்திருக்கும் பூச்சியை ஒரு கண்ணாடி டம்ளரால் மூடிப் பிடியுங்கள். இறக்கையின் முன்பாதி வெளிர் சாம்பலாகவும் பின்பாதி செம்புக் காசு நிறத்திலும் இருந்தால் அது இந்தியன் மீல் மாத் என்கிற வகை. பெயரைப் பார்த்து நம் ஊர்ச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் மக்காச்சோள மாவுக்கு 'இந்தியன் மீல்' என்று பேர், அந்த மாவில் இதைப் பார்த்த ஆசா ஃபிட்ச் என்ற பூச்சியியலாளர் 1856-இல் வைத்த பெயர் அது. உடம்பு முழுக்க ஒரே மங்கலான சாம்பல் பழுப்பு என்றால் அரிசி அந்து, தினையிலும் கம்பிலும் நம் பக்கம் இதுதான் அதிகம். வைக்கோல் நிறத்தில் இருந்து, நெல்லும் சோளமும் கலந்த தீனியில் மணிக்கு ஒரு வட்ட ஓட்டை தெரிந்தால் அது நெல் அந்து. அது நூல் கட்டாது, மணிக்குள்ளேயே இருந்து தின்றுவிட்டு வெளியே வரும். உங்களுக்கு நூல் இருக்கிறது என்பதால் முதல் இரண்டில் ஒன்று. வைத்தியம் மூன்றுக்கும் ஒன்றே என்பதால் ரொம்பத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம், பொறி வாங்குவதாக இருந்தால் மட்டும் வித்தியாசம் தெரிய வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன்.

பறக்கிற பூச்சியைத் துரத்தித் துரத்தி அடிப்பதில் பிரயோஜனம் குறைவு. இறக்கை முளைத்த இந்தியன் மீல் மாத் தீனியைத் தின்பதே கிடையாது. சில நாளிலிருந்து மூன்று வாரம் வரை இருக்கும், சேரும், முட்டை வைக்கும், போய்விடும். ஆனால் ஒரு பெண் பூச்சி 100 முதல் 400 முட்டை வரை வைக்கும். தின்பதெல்லாம் புழு. அதுவும் விதையின் முளையைத்தான் முதலில் குறிவைக்கும், பறவைக்குச் சத்து இருப்பதும் அங்கேதான்.

சரி, வேலைக்கு வருவோம். நூல் பிடித்துக் கட்டியாகிவிட்ட தினை, விரலில் எடுத்து மோந்தால் புளித்த வாடையோ பழைய எண்ணெய் வாடையோ வருகிற தினை, இரண்டையும் யோசிக்காமல் கழித்துவிடுங்கள். மீதி நன்றாக இருப்பதை ஒரு கிலோ பொட்டலமாகப் பிரித்து, காற்றை அமுக்கி வெளியேற்றி, இறுக மூடக்கூடிய தடித்த கவரில் தட்டையாகப் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். உருண்டையாகக் கட்டி வைத்தால் நடுவில் குளிர் போய்ச் சேர நேரமாகும், அதற்காகத்தான் தட்டை. மைனஸ் 18 டிகிரி வருகிற நல்ல ஃப்ரீசரில் நாலு நாளில் முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் முடிந்துவிடும், நான் ஒரு வாரம் விடுவேன். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல் பெட்டி அவ்வளவு குளிராது. அதோடு காற்றடி காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போவது நமக்குத் தெரிந்த கதை. அப்படிப்பட்டவர்கள் இரண்டு வாரம் வையுங்கள், நடுவில் அரை நாளுக்கு மேல் கரண்ட் போனால் எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

வெளியே எடுத்ததும் பத்தில் ஒன்பது பேர் தப்பு செய்யும் இடம் ஒன்று இருக்கிறது. பொட்டலத்தை உடனே பிரிக்காதீர்கள். குளிர்ந்த தினை மலைக்காற்றைத் தொட்டதும் ஐஸ் தண்ணீர் டம்ளர் மாதிரி வியர்த்துவிடும், அந்த ஈரம் போதும் பூஞ்சணத்துக்கு. மூடினபடியே ஒரு முழு நாள் மேஜையில் கிடக்கட்டும், வியர்வையெல்லாம் கவருக்கு வெளியே வழிந்து காய்ந்த பிறகு பிரியுங்கள். அப்புறம் சல்லடையில் சலித்து முறத்தில் புடைத்தால் செத்த புழு, எச்சம், நூல் துணுக்கு, நொய் எல்லாம் போய்விடும். ஃப்ரீசர் கொல்லத்தான் செய்யும், சுத்தம் செய்யாது. முறம் பிடிக்கத் தெரியாத இளசுகள் டேபிள் ஃபேனுக்கு முன்னால் இரண்டு பாத்திரத்தில் மாற்றி மாற்றிக் கொட்டலாம், ஆனால் பறவைகள் இருக்கிற அறையில் வேண்டாம், தூசு ஆகாது.

தீனி தயாராகிவிட்டது, வீடு இன்னும் ஆகவில்லை. கொழுத்த புழு கூடு கட்டப் போகும்போது தீனியை விட்டுத் தூரமாக நடக்கும், கூரை மூலை வரைகூட ஏறும். என் கதையைச் சொல்கிறேன். எட்டுப் பறவை இருந்த காலத்தில் நானும் ஆசைப்பட்டு 25 கிலோ மூட்டை ஒன்று கீழே ஒரு கடையில் வாங்கி வந்து இந்தப் பாட்டை அனுபவித்தேன். அலமாரியைத் துடைத்தேன், டப்பாவை மாற்றினேன், தினையை முழுக்கக் கொட்டினேன், மூன்று வாரம் நிம்மதி, அப்புறம் மறுபடி விளக்கடியில் நாலு பூச்சி. எங்கிருந்து வருகிறது என்று இரண்டு நாள் மண்டை காய்ந்தது. கடைசியில் கூண்டுக்கு மேலே மாட்டியிருந்த தினசரி காலண்டரைத் தேதி கிழிக்க இழுத்தபோது, தாள்களைச் சேர்த்துப் பிடிக்கிற தகரப் பட்டைக்கும் அட்டைக்கும் நடுவிலிருந்து வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒன்று உதிர்ந்தது. பிரித்துப் பார்த்தால் அரிசி அளவு கூடுகள், ஒன்றை ஒட்டி ஒன்றாக, பதினேழு எண்ணினேன். சில வெறும் சட்டை, சில உள்ளே நெளிந்தன. சாமி பட காலண்டர் என்பதால் அதுவரை யாரும் கழற்றித் துடைக்கவில்லை.

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டிய இடங்கள்: காலண்டர், சுவர்ப் படத்தின் பின்புறம், திரைச்சீலை மடிப்பு, அலமாரியில் விரித்த பேப்பருக்கு அடியில், கதவுக் கீல், ஆணி ஓட்டை, டப்பா மூடியின் மரை, கூண்டின் அடித்தட்டுச் சந்து, முட்டைப் பானையின் விளிம்பு. பழைய பல்துலக்கி ஒன்றும் சோப்புத் தண்ணீரும் போதும். கூண்டுக்குப் பின்னால் பறவைகள் இறைத்த தினை மாதக்கணக்கில் கிடக்கும், அதுதான் பூச்சிக்கு இரண்டாவது டப்பா. கூண்டை நகர்த்திப் பெருக்குங்கள், வாரம் ஒருமுறை.

பிறகு டப்பா. மெல்லிய பிளாஸ்டிக் கவரைப் புழு கடித்து ஓட்டை போட்டுவிடும். நீலகிரியில் கடைக்காரர் பிளாஸ்டிக் பை தரக்கூடாது என்பதால் பேப்பர் கவரிலோ துணிப்பையிலோதான் தினை வரும். அது மலைக்கு நல்லது, தினைக்கு அல்ல, ஆகவே வீட்டுக்கு வந்த அன்றே மாற்ற வேண்டும். திருகு மூடி மட்டும் போதாது, இப்போதுதான் பொரித்த புழு மயிரிழை தடிமன்தான் இருக்கும், மரை வழியாக ஏறி வந்துவிடும். மூடிக்குள் ரப்பர் வளையம் உள்ள கண்ணாடி ஜாடி அல்லது எவர்சில்வர் டப்பா.

கடைசியாக, கணக்கு. ஒரு பட்ஜி (நாம் லவ் பேர்ட்ஸ் என்பது அதைத்தான்) நாளைக்கு 5 முதல் 8 கிராம் தின்னும். நாலுக்கு 32 கிராம் என்று வைத்தாலும் மாதம் ஒரு கிலோ. உங்கள் வீட்டுக்காரர் வாங்கியது 25 கிலோ மூட்டையாக இருந்தால், இரண்டு வருஷத்துக்குமேல் வருகிற தினை. மலிவு என்று சொன்னாரே, அவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள், நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம்.

ஊட்டி வாசகர்: ஜனவரியில் தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி கிடக்கிறது. தீனி டப்பாவை ராத்திரி வெளியே வைத்துவிட்டால் போதாதா? கரண்ட் செலவாவது மிச்சம்.

நானும் யோசித்திருக்கிறேன், நல்ல கஞ்சத்தனம்தான். ஆனால் உறைபனி என்பது விடியற்காலையில் சில மணி நேரம் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி நிற்கிற குளிர். பத்து மணிக்கு வெயில் ஏறினால் போய்விடும். டப்பாவின் நடுவில் இருக்கிற தினைக்கு அந்தக் குளிர் போய்ச் சேர்வதே இல்லை. புழுவுக்கு அது சாவு இல்லை, தூக்கம். அதோடு சூரியகாந்தி விதை கலந்த டப்பாவை வாசலில் வைத்தால் விடியும்போது டப்பாவே இருக்குமா என்பது வேறு விஷயம். ஊட்டியில் குரங்கு, கோத்தகிரிப் பக்கம் கரடி. எங்கள் தெருவில் ஒரு வீட்டுச் சமையலறை ஜன்னலைக் கரடி பெயர்த்தது எண்ணெய்க்காகத்தான்.

கொடைக்கானல் வாசகி: அக்டோபர் வரை பறந்த பூச்சி நவம்பரிலிருந்து காணோம். நானாக ஒன்றும் செய்யவில்லை. ஒழிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது தங்கச்சி. 30 டிகிரி வெப்பம் இருக்கிற ஊரில் முட்டையிலிருந்து பூச்சி வரை ஏறத்தாழ ஒரு மாதம். 20 டிகிரியில் இரண்டு மாதத்துக்கு மேல் இழுக்கும். இன்னும் குளிர்ந்து பகலும் குறுகினால் முழுதாக வளர்ந்த புழு கூட்டுக்குள்ளேயே சுருண்டுகொண்டு வளர்ச்சியை நிறுத்திவிடும். மொத்த வாழ்க்கைச் சுற்று 27 நாளிலும் முடியலாம், 305 நாளும் ஆகலாம் என்கிறார்கள். கொடைக்கானல் அந்த நீளமான கணக்கில் வருகிற ஊர். மார்ச் கடைசியில் உங்கள் வீட்டில் பூச்சியும் ஏரிக்கரையில் டூரிஸ்ட்டும் ஒன்றாக வருவார்கள், இரண்டுக்கும் சீசன் அதுதான்.

கீழ்நாட்டுக்காரர்கள் எழுதுகிற குறிப்புகளில் "ஆறு வாரம் பூச்சி இல்லையென்றால் ஒழிந்தது" என்று இருக்கும். நமக்கு அது செல்லாது. நான் நாலு மாதம் வைத்துக்கொள்வேன், அந்த நாலில் குளிர்காலம் குறுக்கிட்டால் ஏப்ரல் முடியும்வரை. இப்போது பூச்சி தூங்குகிற சமயம்தான் உங்களுக்கு வசதி. நடமாடாது, ஓடாது, கூடுகளைத் தேடித்தேடிச் சுரண்டி எடுங்கள். கணப்பு மூட்டுகிற அறையிலும், ஃப்ரிட்ஜின் பின்புறம் சூடு வருகிற இடத்திலும் முதலில் பாருங்கள், அவை தூங்காமலே வளர்ந்துகொண்டிருக்கும்.

கோத்தகிரி வாசகர்: எங்கள் பாட்டி அரிசிக்கு வசம்பு போடுவார், வேப்பிலை போடுவார், காய்ந்த மிளகாய் போடுவார். ரச உருண்டையும் அலமாரியில் இருக்கிறது. இவையெல்லாம் கெமிக்கல் இல்லைதானே?

ரச உருண்டையை முதலில் எடுத்து வெளியே போடுங்கள், கடிதத்தைப் பிறகு படிக்கலாம். அது நாப்தலின், சுத்தமான கெமிக்கல். பறவையின் மூச்சு நம் மூச்சு போல இல்லை. நுரையீரலைத் தாண்டிக் காற்றுப்பைகள் உடம்பெங்கும் இருப்பதால் காற்றில் இருக்கிற நஞ்சை நம்மை விட வேகமாக வாங்கிக்கொள்ளும். பழைய சுரங்கங்களில் விஷவாயுவைக் கண்டுபிடிக்கக் கேனரி பறவையைக் கூண்டில் கொண்டுபோனது அதனால்தான். கொசுச் சுருள், கரப்பான் ஸ்ப்ரே, ஊதுபத்திப் புகை எதுவுமே கூண்டு இருக்கும் அறையில் வேண்டாம். தானியக் கிடங்குகளில் வைக்கிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை யாராவது "ஒன்று போட்டால் போதும்" என்று கொடுத்தால் கையாலும் தொடாதீர்கள். அதிலிருந்து வருகிற வாயு பறவையை மட்டும் கொல்லாது, பக்கத்து அறையில் தூங்குகிற குழந்தையையும் கொல்லும்.

வசம்பு விஷயத்தில் பாட்டிமார்களோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. பூச்சிக்கு அது ஆகாது என்பது உண்மை. ஆனால் பூச்சியைப் படுத்துகிற பொருள் அதில் இருக்கிற பீட்டா அசரோன், அது மற்ற உயிர்களுக்கும் நல்லதல்ல. பிள்ளை வளர்ப்பான் என்று அதற்குப் பெயர் இருந்தாலும் பட்ஜி வளர்ப்பான் என்று யாரும் சொல்லவில்லை. தீனியில் கலக்காதீர்கள். காய்ந்த வேப்பிலையை அலமாரித் தட்டில் போட்டுவைப்பதில் தீங்கில்லை, மணம் பிடிக்காமல் சில பூச்சி விலகும். அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம், விதையோடு ஒட்டியிருக்கிற முட்டையை வேப்பிலை ஒன்றும் செய்யாது. மிளகாய்? மிளகாய்த் தூளிலேயே இந்தப் புழு வளரும்.

டயட்டம் மண் என்று ஒரு வெள்ளைப் பொடி இப்போது ஆன்லைனில் வருகிறது, இன்னொரு வாசகரும் கேட்டிருந்தார். பூச்சியின் மேல்தோல் மெழுகைச் சுரண்டி உலர்த்திக் கொல்கிற பொடி அது. உலர்த்துவதுதான் அதன் வேலை என்பதால் மஞ்சும் மழையுமான ஊரில் பாதி வேலை செய்யாது. தூசு பறவையின் மூச்சுக்கும் ஆகாது. விட்டுவிடுங்கள்.

அருவங்காடு வாசகி: ஃப்ரிட்ஜ் இல்லை. தினையை வாணலியில் லேசாக வறுத்துவிட்டால்?

வறுக்கலாம், இரும்புச் சட்டியில். நான்ஸ்டிக் தவாவில் மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் பூச்சு அளவுக்கு மீறிச் சூடானால் வருகிற புகை நமக்குத் தலைவலி, பறவைக்கு நிமிஷக்கணக்கில் மரணம். தீனி வறுக்க மட்டுமல்ல, பறவை இருக்கிற வீட்டில் நான்ஸ்டிக் பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் மறந்து வைப்பதே ஆபத்து. இரும்புச் சட்டியில் சிறு தீயில், கைப்பிடி கைப்பிடியாக, விரலை வைக்க முடியாத சூடு வரும்வரை கிளறி, நிறம் மாறுவதற்குள் இறக்கிவிடுங்கள். வறுத்த விதை முளைக்காது, சத்தும் கொஞ்சம் போகும், ஆகவே இது அவசரத்துக்கு. இதைவிட மாதம் ஒரு கிலோ மட்டும் வாங்கி, பக்கத்து வீட்டு ஃப்ரீசரில் ஒரு வாரம் இடம் கேட்பது மேல். பதிலுக்கு ஒரு கட்டு கீரை கொடுத்தால் ஆயிற்று.

ஊட்டியிலிருந்து இன்னொரு வாசகி: வீட்டிலேயே சாக்லேட் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறேன். கூண்டு ஹாலில், சாக்லேட் வேலை பின்கட்டில். போன வாரம் பாதாம் டப்பாவில் நூல் பார்த்தேன். கூண்டிலிருந்து வந்ததா?

வந்திருக்கலாம், பாதாமிலேயே வந்தும் இருக்கலாம். இந்தப் பூச்சிக்குப் பறவைத் தீனியும் முந்திரி, பாதாம், உலர்திராட்சை, சாக்லேட்டும் ஒரே பந்தி. உங்களுக்கு நான் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன்: நூல் பிடித்த டப்பாவை முழுதாகக் கழியுங்கள், மேலாகப் பொறுக்கிவிட்டு மீதியைப் போடலாமா என்ற யோசனையே வேண்டாம். காசு கொடுத்து வாங்கிப்போகிற குழந்தை சாக்லேட்டைக் கடிக்கும்போது உள்ளே புழு இருந்தால் உங்கள் பெயர் அத்தோடு சரி. புதிதாக வருகிற கொட்டைகள் எல்லாம் வந்த அன்றே ஒரு வாரம் ஃப்ரீசர், பிறகு வளைய மூடி ஜாடி. பறவைத் தீனி டப்பா பின்கட்டுக்குள் எக்காரணத்துக்கும் நுழையக்கூடாது. சலிக்கிற சல்லடையும் தனித்தனி.

வெலிங்டன் வாசகர்: ஒட்டும் அட்டைப் பொறி வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் அதை வைத்து ஒழித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அதில் இருப்பது பெண் பூச்சியின் வாசனை, ஆண்கள் மட்டுமே வந்து ஒட்டும். தப்பித்த ஒரு ஆண் போதும் பல பெண்களோடு சேர. வீட்டில் இன்னும் பூச்சி இருக்கிறதா, எந்த அறையில் அதிகம் என்று காட்டிக்கொடுக்கிற ஒற்றனாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அருமையான சாமான். இன்னொன்று, கடையில் கிடைப்பது பெரும்பாலும் செம்பு நிற இறக்கைக்காரனுக்கான வாசனை. அரிசி அந்து அதைச் சட்டை செய்யாது. டம்ளரில் பிடித்துப் பார்க்கச் சொன்னது இதற்குத்தான். பறவையை வெளியே திறந்து விடுகிற வீடானால் பொறியைக் கம்பி வலைக்குள் வையுங்கள், சிறகு ஒட்டிக்கொண்டால் பிரித்தெடுப்பது கொடுமை.

பண்ணைக்காடு வாசகர்: பழனியில் மச்சான் கரும்புக்கு ஒட்டுண்ணி அட்டை கட்டுகிறார். அந்துப்பூச்சி முட்டையை அது தின்றுவிடுமாமே. ஒரு துண்டு கிழித்து வந்து அலமாரியில் ஒட்டினால்? அப்புறம், புழுவோடு தினையைத் தின்ற ஃபிஞ்சுக் குருவிக்கு ஏதாவது ஆகுமா?

மச்சான் வயலில் கட்டுகிற அந்த அட்டையில் பொடிப்பொடியாக ஒட்டியிருப்பது என்ன முட்டை தெரியுமா? நம் வீட்டுத் தினையைப் பாழாக்குகிற அதே அரிசி அந்தின் முட்டை. உடைத்த கம்பில் அந்தை வேண்டுமென்றே வளர்த்து, முட்டையைச் சேகரித்து, புறஊதாக் கதிரில் காட்டிப் புழு பொரிக்காமல் செய்து, அதற்குள் டிரைகோகிரம்மா என்ற குட்டிக் குளவியை வளர்க்கிறார்கள். ஐரோப்பாவில் சமையலறைக்கென்றே இப்படிச் சின்ன அட்டை விற்கிறார்கள். ஆனால் அது இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றி வைக்க வேண்டிய சமாச்சாரம், மூடிய டப்பாவுக்குள் குளவி போகாது, நம் குளிருக்கு அது சுறுசுறுப்பாகவும் இராது. மச்சானின் அட்டை கரும்புக்கே இருக்கட்டும்.

ஃபிஞ்சுக்கு ஒன்றும் ஆகாது. குஞ்சு வைத்திருக்கிற ஃபிஞ்சு புழுவைத் தேடித்தேடித் தின்னும், அதற்கு அது கறிச்சோறு. கெடுதல் புழுவில் இல்லை, நூல் கட்டிய இடத்தில் ஈரம் தங்கி வருகிற பூஞ்சணத்தில். சந்தேகமாக இருந்தால் நூறு விதையை எண்ணி ஈரத்துணியில் முடிந்து வையுங்கள், மலையில் ஐந்து நாள் ஆகும். எண்பதுக்குமேல் முளைத்தால் தீனி உயிரோடு இருக்கிறது. ஐம்பதுக்குக் கீழே போனால் பறவைக்கு வெறும் உமியைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். முளைத்ததை வீணாக்காமல் அலசிப் போடுங்கள், பட்ஜிகள் சண்டை போட்டுத் தின்னும்.

கூடலூர் வாசகர்: எங்கள் பச்சைக்கிளிக்குப் போடுகிற சூரியகாந்தி விதையில் பூச்சி...

பூச்சி இருக்கட்டும் ஐயா. நம் ஊர்ப் பச்சைக்கிளி எந்த வகையானாலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வளர்க்கக் கூடாது. வனத்துறை அலுவலகம் பக்கத்திலேயே இருக்கிறது, நீங்களாகக் கொண்டுபோய் ஒப்படையுங்கள். நாமே திறந்து விடுவதும் சரியில்லை, கூண்டில் வளர்ந்த கிளிக்கு வெளியே இரை தேடத் தெரியாது.

குன்னூரிலிருந்தே வேறொரு வாசகர்: கெட்ட தினையை எங்கே கொட்டுவது? தோட்டத்தில் போட்டால் புறா தின்னுமே. எல்லாம் செய்த பிறகு பூச்சி உண்மையில் போய்விட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தோட்டத்தில் கொட்டாதீர்கள். புறாவுக்கு முன்னால் காட்டுப்பன்றி வரும், பூச்சியும் ஜன்னல் வழியாக வீட்டுக்கே திரும்பும். ஒரு வாளியில் போட்டுக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடி வைத்து, ஆறின பிறகு உரக்குழியில் ஒரு முழ ஆழத்தில் புதையுங்கள்.

தெரிந்துகொள்வதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். ஃப்ரீசரிலிருந்து வந்து சலித்த தினையில் ஒரு கைப்பிடியை ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, வாயை வெள்ளைத் துணியால் இரட்டையாக மூடி ரப்பர் பேண்டால் இறுக்கி, வீட்டிலேயே வெதுவெதுப்பான இடத்தில், ஃப்ரிட்ஜுக்கு மேலேயோ அடுப்பங்கரைப் பரணிலோ வையுங்கள். தேதி எழுதி ஒட்டுங்கள். கண்ணாடியை ஒட்டி நூல் இழை தெரிகிறதா, அடியில் மாவு மாதிரித் தூள் சேர்கிறதா என்று வாரம் ஒருமுறை வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள். பாட்டிலுக்குள் வந்தால் ஃப்ரீசர் வேலை செய்யவில்லை. பாட்டில் சுத்தமாக இருந்து வீட்டில் பூச்சி பறந்தால் எங்கோ ஒரு காலண்டர் பாக்கி இருக்கிறது. என் பரணில் இப்போது 'நவம்பர் 3' என்று எழுதின பாட்டில் நிற்கிறது, பத்து வாரம் ஆயிற்று, இதுவரை ஒன்றும் இல்லை.